லட்டு தேறிய கதை

காப்பகத்து நாயை வீட்டுக்குக் கூட்டி வருவதற்கு அரை மணி நேரம் போதும். அதைத் தேற்றுவதுதான் வேலை. இந்த வேலையில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் சொல்வது எதுவும் புதிதாக இருக்காது. ஆனாலும் சக மனிதர் ஒருவர் அவதிப்பட்டதைப் படிப்பதில் ஓர் ஆறுதல் உண்டு.

கட்டிலுக்கடியில் குடித்தனம்

விலா எலும்புகளை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம் என்றிருந்த நாய்க்குக் காப்பகத்தில் வைத்திருந்த பெயர் லட்டு. அடுகோடியில் ஒரு வெல்டிங் ஒர்க்‌ஷாப்பில், ஹாசன் ஊர்ப் பக்கத்து வாட்ச்மேன் ஒருவர் வளர்த்தது. ஒர்க்‌ஷாப்பை மூடினார்கள், அவர் ஊருக்குப் போனார், நாய் பூட்டிய கேட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தது. காப்பகத்துக்காரர்கள் அதை எடுத்து வந்தார்கள். பிறகு ஒரு குடும்பம் கூட்டிப் போய், சாப்பிடவே மாட்டேன் என்கிறது என்று காப்பகத்திலேயே திருப்பி விட்டுவிட்டது.

ரிச்சர்ட்ஸ் டவுனில் எங்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் அது நேராகக் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்தது. அடுத்த நாளும் அங்கேதான். நானும் என் மனைவி ஸ்டெல்லாவும் அதைப் பயமுறுத்தக் கூடாதென்று கிசுகிசுவென்று பேசினோம், செருப்பில்லாமல் நடந்தோம், குக்கரை மூன்றாவது விசில் வருமுன் அணைத்தோம். அரைவேக்காட்டுப் பருப்பைப் பிசைந்துகொண்டே ஸ்டெல்லா சொன்னாள்: "நாமதான் அது வீட்டுக்கு விருந்தாளியா வந்திருக்கோம் போல."

எடை மெஷின்

உண்ணிக் காய்ச்சல் என்றார் காப்பகத்து ஆஸ்பத்திரி டாக்டரம்மா. கன்னடக்காரர், எங்களைக் கண்டால் மட்டும் தமிழுக்கு மாறிவிடுவார். லட்டு எடை மெஷினில் காலே வைக்கவில்லை. அதனால் நான் அதைத் தூக்கிக்கொண்டு ஏறினேன், தொண்ணூற்று மூன்று. பிறகு தனியாக ஏறினேன், எண்பத்திரண்டு.

வெறும் வயிற்றில் மாத்திரை கொடுக்கக் கூடாது, சனிக்கிழமைக்குள் தானாகச் சாப்பிட ஆரம்பிக்காவிட்டால் காப்பகத்து ஆஸ்பத்திரியிலேயே சேர்த்து டிரிப்ஸ் ஏற்ற வேண்டும் என்றார். திரும்பவும் கம்பிக் கூண்டு. இரண்டாம் முறை திரும்பி வரும் நாயை அதற்கப்புறம் யார் கேட்பார்கள்? எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, சீட்டை எழுதியபடியே சொன்னார்: "நாய் பதினொரு கிலோ, பதினாலு கிலோவாவது இருக்கணும். உங்களப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல சார்."

ஈரலுக்குள் மாத்திரை

தட்டில் வைத்ததைத் தொடாது. கையில் வைத்து நீட்டினால், நம்மை வருத்தப்பட வைக்க வேண்டாமே என்பதுபோல் இரண்டு வாய் நக்கும், அவ்வளவுதான். "சாப்பிடு கண்ணு, சாப்பிடு" என்று ஆளுக்கொரு பக்கம் குப்புறப் படுத்துக் கெஞ்சினோம்.

வேகவைத்த ஈரலைக் கீறி மாத்திரையை உள்ளே வைத்தேன். ஈரலை வாங்கிக்கொண்டு கட்டிலுக்கடியில் போனது. நான் ஜெயித்துவிட்டதாக ஸ்டெல்லாவிடம் அறிவித்தேன். சாயங்காலம் பெருக்கும்போது துடைப்பத்தோடு மாத்திரை வந்தது, கழுவி வைத்ததுபோல் சுத்தமாக. ஸ்டெல்லா அதை என் உள்ளங்கையில் வைத்தாள்: "சின்ன வயசுல நீங்க மாத்திரைய ஜன்னல் வழியா எறிஞ்சுட்டு முழுங்கிட்டேன்னு சொல்வீங்களாமே. இது வாயத் தொறந்து ஒரு பொய்யும் சொல்லல."

மஞ்சுளாவின் கேள்வி

வியாழக்கிழமை மத்தியானம். பக்கத்து வீட்டில் வேலை முடித்துப் போகும் மஞ்சுளா, வழக்கம்போல எங்கள் வாசலில் நின்று ஸ்டெல்லாவைக் கேட்டாள்: "ஊட்டா ஆய்த்தா அம்மா?" சாப்பாடு ஆயிற்றா என்று இந்த ஊரில் எல்லோரும் எல்லோரையும் கன்னடத்தில் கேட்பதுதான்.

கட்டிலுக்கடியில் தரையில் வால் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு மூக்கு வந்தது, பிறகு லட்டு முழுவதும் வந்தது. மஞ்சுளாவின் முகத்தைப் பார்த்தது, நேராகத் தட்டுக்குப் போய்க் காலையில் வைத்த சாதத்தைச் சாப்பிட ஆரம்பித்தது. நாங்கள் அசையவில்லை. ஹாசன்காரரான அந்த வாட்ச்மேன் தினமும் டப்பாவைத் திறக்கும்போது கன்னடத்தில் அப்படித்தான் கேட்டிருக்க வேண்டும்.

எங்கள் தப்பு அப்போதுதான் உறைத்தது. கடை, ஆட்டோ, ஆபீஸ் எல்லாவற்றுக்கும் கன்னடம். வாசற்படி தாண்டி உள்ளே வந்தால் தமிழ். அப்படியே பழகிப்போன நாங்கள், படி தாண்டி வந்த நாயையும் தமிழ் நாயாக்கிவிட்டோம். விஷயத்தைக் கேட்ட மஞ்சுளா எங்களை ஒரு மாதிரி பார்த்தாள்: "இதுக்குக் கன்னடாதாம்மா பரத்தெ, அதான் தெரியும். நீங்க தமிழ்ல கூப்பிட்டா, யாரையோ கூப்பிடறாங்கன்னு சும்னே படுத்திருக்கும்."

சனிக்கிழமை

வியாழன் ராத்திரியிலிருந்து ஸ்டெல்லா மூன்று வேளையும் "ஊட்டா ஆய்த்தா?" என்று கேட்டாள். மாத்திரை ராகிக் களிக்குள் உருண்டு, கேள்வி கேட்காமல் உள்ளே போனது. ஒருமுறை நான் பக்கத்தில் நின்று, "எனக்கும் ஆகல" என்றேன். ஸ்டெல்லா அடுத்த உருண்டையையும் லட்டுவுக்கே நீட்டினாள்.

ஆஸ்பத்திரியில் நாங்கள் நடந்ததைச் சொன்னதும் டாக்டரம்மா குனிந்து, "பா பங்காரா, பா" என்று, வா தங்கமே எனக் கன்னடத்தில் கூப்பிட்டார். லட்டு தானாக நடந்துபோய் எடை மெஷினில் நின்றது. டிரிப்ஸ் வேண்டாம், வீட்டுக்கே கூட்டிப் போகலாம் என்றார். ஸ்டெல்லா கைக்குட்டையைத் தேடினாள். டாக்டரம்மா மெஷினை என் பக்கம் தள்ளினார்: "நாய் நானூறு கிராம் ஏறியிருக்கு. நீங்களும் ஏறிப் பாக்கறீங்களா சார்?"

முதல் குரைப்பு

ஒன்றரை மாதமாக அதன் குரலை நாங்கள் கேட்டதில்லை. ஒரு நாள் மழைக்கோட்டும் ஹெல்மெட்டுமாக நான் கேட்டைத் திறந்தேன். ஹாலிலிருந்து ஒரு கனத்த குரைப்பு வந்தது. குரைத்த லட்டே அதைக் கேட்டுத் திடுக்கிட்டுப் பின்வாங்கி, மறுபடி முன்னால் வந்து குரைத்தது. நான் ஹெல்மெட்டைக் கழற்றப் போனேன். ஸ்டெல்லா ஜன்னல் வழியாகக் கையைக் காட்டித் தடுத்தாள்: "இப்பதான் இது நம்ம வீடுன்னு வாயத் தொறந்திருக்கு. முழுசாக் குரைச்சு முடிக்கட்டும், அதுவரைக்கும் மழையிலயே நில்லுங்க."

நாயைத் தேற்றுகிறோம் என்று இறங்கினோம். நாயும் தேறியது, எங்கள் வீட்டுக்குள் கன்னடமும் தேறியது, தமிழில் மட்டும் லட்டு இன்னும் தேறவில்லை.