விலை எழுத மறந்த லிஃப்ட் அக்கா

பதினான்கு வருடமாக லிஃப்டுகளைச் சோதித்து, 'ஓடலாம்' அல்லது 'நிறுத்து' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவளை அந்த வட்டாரமே லிஃப்ட் அக்கா என்றுதான் கூப்பிடும். மோட்டார் அறையைத் திறக்குமுன் கதவில் காதை வைப்பாள். எது தேய்கிறது என்று சத்தமே அவளுக்குச் சொல்லிவிடும்.

நாற்பதை நெருங்கும்போது அவளுக்குப் புது ஆசை வந்தது. எந்த நிறுவனம் தேறும், எது தேறாது என்று பார்த்து முதலீடு செய்யும் வேலைக்குப் போகவேண்டுமாம். நிதி மேற்படிப்புக்கு எழுதிப் போட்டாள், இடமும் கிடைத்துவிட்டது. இரண்டு வருடம், முழுநேரம். இருக்கிற வேலையை விடவேண்டும். வீடு வாங்கச் சேர்த்தது அத்தனையும் அதற்கே போய்விடும். வெள்ளிக்கிழமைக்குள் பணம் கட்டவேண்டும்.

வீடு இரண்டு கட்சியானது. புருஷன் நீச்சல் சொல்லிக்கொடுப்பவர். புத்தகம் படித்து யாரும் மிதந்ததில்லை என்றார். நாத்தனார் அதே படிப்பைப் படித்து பேங்கில் இருப்பவள்; பட்டம் இல்லாதவர்களின் வேலை மனுவைப் பெரிய இடங்களில் பிரித்துக்கூடப் பார்க்கமாட்டார்கள் என்றாள். அதுவும் பொய்யில்லை.

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு ஆகுமா?" என்று புருஷன் தன் தங்கையைச் சீண்டினார்.

"ஏட்டுலயாவது பாத்தவளுக்குத்தான் சந்தையில அடையாளம் தெரியும். நீ சும்மா இரு அண்ணா."

லிஃப்ட் அக்கா யாருக்கும் தலையாட்டவில்லை. ஓட்டிப் பார்க்காமல் எதற்கும் கையெழுத்துப் போடாதவள் இதற்கு மட்டும் போடுவாளா? லிஃப்ட் செய்யும் ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையை எடுத்து மூன்று நாள் அலசினாள். விற்ற லிஃப்ட் இரண்டு மடங்கு. பராமரிக்கும் ஆட்களோ அதே பழைய எண்ணிக்கை. மூன்றே வருடத்தில் எல்லாம் முனக ஆரம்பிக்கும் என்று இரண்டு பக்கம் எழுதினாள். புதன்கிழமை அதை எடுத்துக்கொண்டு, செருப்புக்கடை மாடியில் இருந்த சின்ன முதலீட்டு அலுவலகத்துக்குப் போனாள்.

அதை நடத்தியவள் இவளைவிடப் பத்து வயது சின்னவள். இரண்டு முறை படித்தாள். பராமரிப்பு ஆட்களை எண்ணிப் பார்க்க அங்கே எந்தப் பட்டதாரிக்கும் தோன்றவில்லை என்றாள். பிறகு தாளைத் திருப்பித் திருப்பித் தேடினாள்.

"எல்லாம் சரிக்கா. இந்தப் பங்க என்ன விலைக்கு வாங்கலாம்? அத எழுதவே இல்லையே?"

லிஃப்ட் அக்காவுக்கு முகம் சுண்டிப்போனது. கடைசி வரியில், பழக்கதோஷம், 'பழுது நீங்கும்வரை நிறுத்து' என்று எழுதிக் கையெழுத்தும் தேதியும் போட்டிருந்தாள்.

"பழுதான பொருளுக்கும் ஒரு விலை இருக்குக்கா," என்று சிரித்தாள் சின்னவள்.

"அதக் கத்துக்க ரெண்டு வருஷம் ஆகுமா?"

பெரிய கம்பெனிக்குப் போவதென்றால் பட்டம் கேட்பார்கள் என்று சின்னவள் ஒளிக்காமல் சொன்னாள். தனக்கு வேண்டியது விலைபோடத் தெரிந்த ஆள். அதற்கு ஆறு மாத மாலை வகுப்பே போதும்.

"முடிச்சிட்டு இதையே திருப்பி எழுதிட்டு வாங்க. மேசை ஒண்ணு காலியா வைக்கிறேன்."

வெள்ளிக்கிழமை வந்தது, போனது. பணம் இருந்த இடத்திலேயே இருந்தது. புருஷன் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டார். பாவம், நினைத்துக்கொள்ளட்டும். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்த நாத்தனார், மூன்றாம் நாள் தன் பழைய பாடப்புத்தகத்தை அட்டை போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள்.

மாலை வகுப்பு ஐந்தாவது மாடியில். லிஃப்ட் அக்கா முதல் நாள் படியேறித்தான் போனாள். அந்தக் கட்டடத்து லிஃப்டின் சத்தம் அவளுக்குப் பிடிக்கவில்லை.