எயார்போட்டுக்கு ஆர் வருவினம்?

விமான டிக்கெற் விற்பது சுலபம். எங்கள் சனத்துக்குச் சுற்றுலாவை விற்பதுதான் பெரும்பாடு. இனி ஊரோடேயே இருப்பேன் என்று போய், போன வேகத்தில் மெல்பேர்ணுக்கே திரும்பி, அங்கே டண்டினொங் என்ற பகுதியில் ஒரு பயண முகவர் கடையில் கதிரை பிடித்தவன் நான். இதே கதிரையில் இருக்கும் சக பாவிகளே, நீங்களும் பட்டிருப்பீர்கள்.

சொந்தக்காரர் இல்லாத ஊர்

எங்கள் ஆட்களுக்கு வெளிநாடு என்றால் கனடாவில் மச்சாள், பாரிசில் சித்தப்பா. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் ராசன் அண்ணை மட்டும் ஃபோனை நீட்டி, ட்ரினிடாட் தீவில் மாலையில் வந்து அடையும் செக்கச்சிவந்த பறவைகளைக் காட்டினார். படகில் வந்து, தற்காலிக விசாவில் வருடக்கணக்காய்க் கிடந்து, ஒருவழியாகப் பாஸ்போர்ட் எடுத்தவர். முதல் பயணம் இதற்குத்தானாம்.

உற்சாகத்தில் நானும் அந்தத் தீவின் கோயில், காடு, இரும்புப் பீப்பாயில் வாசிக்கும் இசை, சாப்பாடு என்று அடுக்கினேன். அண்ணையின் மனைவி மலர் அக்கா பொறுமையாகக் கேட்டா. பிறகு சொன்னா: "எல்லாம் சரி தம்பி, எயார்போட்டுக்கு ஆர் வருவினம்?"

ஒத்திகை

நான் ஒழுங்குசெய்யும் தங்குமிடத்தின் சொந்தக்காரி வந்து ஏற்றுவா என்று அக்காவைச் சமாளித்தேன். அண்ணையின் பயம் வேறு.

"இமிகிரேசனிலை ஏன் வந்தனீர் எண்டு கேப்பினமே? ஒருக்காக் கேளும் பாப்பம்."

கேட்டேன். கதிரையில் நிமிர்ந்தார். பிறந்த ஊர், இடம்பெயர்ந்த ஊர்கள், முகாம், படகு... அகதி விசாரணைகளில் சொல்லிச் சொல்லி மனப்பாடமான பதில், தானாகவே வந்தது.

"அண்ணை, பறவை பாக்க வந்தனான் எண்டு மட்டும் சொல்லுங்கோ."

என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அதை ஆர் நம்புவான்?"

மிளகாய்த்தூள்

அக்கா பெட்டியில் வறுத்த தூள் கொண்டு போனா, அங்கே உறைப்பு எப்படியோ என்று. போய் இரண்டொரு நாளில் குரல்செய்தி வந்தது. தெருக்கடையில் மெத்தென்ற பொரித்த ரொட்டிக்குள் கடலைக்கறி வைத்துக் கொடுத்தார்களாம். மிளகாய்ச் சோஸைத் தாராளமாய் விடச் சொன்னது அக்காதானாம். பின்னணியில் அண்ணை இருமிக்கொண்டிருந்தார்.

"தம்பி, எங்கட தூளைத் திறக்கவே வெக்கமாக் கிடக்கு."

அந்தக் கேள்வி

திரும்பியதும் இருவரும் நேரே கடைக்கு வந்தார்கள். பறவை பார்க்கப் படகில் ஏற, அண்ணை இரண்டு லைஃப் ஜாக்கெட் கேட்டு வாங்கிப் போட்டாராம். அக்கா சொல்லிச் சொல்லிச் சிரித்தா.

"அது கிடக்கட்டும். இமிகிரேசன்?" என்றேன்.

அங்கிருந்த இளம் பெண் அதிகாரி அதே கேள்வியைக் கேட்டிருக்கிறாள். அண்ணை பறவை என்றிருக்கிறார். "அப்ப பின்னேரம் போங்கோ, அப்பதான் எல்லாம் திரும்பி வரும்" என்று தன் இங்கிலீசில் சொல்லிச் சிரித்து, முத்திரையைக் குத்திவிட்டாளாம். அண்ணை நகரவில்லை. அடுத்த கேள்விக்காக அப்படியே நின்றிருக்கிறார். அக்காதான் சேட்டில் பிடித்து இழுத்திருக்கிறா.

அண்ணை என் பக்கம் குனிந்தார்.

"தம்பி, அந்தப் பிள்ளை நம்பிட்டுது."

தங்குமிடக்காரியின் மகளுக்கு அடுத்த வருடம் கலியாணமாம், இவர்களையும் சொந்தமாய் அழைத்திருக்கிறா. இனி அவவின் வீட்டிலேயே தங்கலாம் என்பதால், சொந்தக்காரர் இல்லாத ஒரு தீவுக்கு அனுப்பி, அங்கேயும் சொந்தம் தேடிக் கொடுத்து ஹோட்டல் புக்கிங்கை இழந்த ஒரே முகவர் நானாகத்தான் இருப்பேன்.