திராட்சைத் தோட்ட விருந்தில் நான் செய்த மொழிபெயர்ப்பு

விருந்தினரை ஏற்றிச் செல்லும் வாகனமோட்டி, அவர்களுடைய பெட்டிகளோடு தன் மானத்தையும் ஏற்றிக்கொண்டே புறப்படுகிறான். இத்தொழிலில் வாடும் அன்பர்களே, நீங்கள் இதை அறிவீர்கள்.

கனடாவில், மொன்றியல் நகரின் லாசால் பகுதியில் வசிக்கும் நான், அங்கே வரும் நம்மவரை நகருக்கு வெளியேயுள்ள ஒரு திராட்சைத் தோட்டத்து உணவகத்திற்கு அழைத்துச் செல்வதுண்டு. "இன்னொரு முறை சங்கடம் நேர்ந்தால் உங்கள் ஆட்களுக்கு மேசை கிடையாது" என்று அதன் மேலாளர் அம்மையார் எச்சரித்திருந்த வேளையில்தான் சிவமண்ணை, அவர் மனைவி தவமக்கா, உறவுப்பெண் றஞ்சி ஆகியோர் வந்து சேர்ந்தனர். டோர்வல் விமான நிலையத்தில் ஒன்றாக ஏற்றியமையால், மூவரும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் என்றே நம்பினேன்.

வெள்ளிப் பாத்திரம்

வைனைச் சுவைத்துவிட்டு உமிழ்வதற்கென அங்கே மேசைமீது ஒரு வெள்ளிப் பாத்திரம் வைப்பார்கள். றஞ்சி திராட்சைக் கொடிகளைப் படம்பிடிக்கப் போயிருந்தாள். நான் வாகனத்தை நிறுத்திவிட்டு உள்ளே நுழைவதற்குள், தவமக்கா அப்பாத்திரத்தில் கை கழுவி முடித்து, கணவருக்கும் நீர் வார்த்துக்கொண்டிருந்தார். மேலாளர் அம்மையார் கண்ணில் இது படவில்லை. பக்கத்து மேசையார் அனைவரும் கண்டனர். நிலம் பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது. அக்காவோ மனம் நிறைந்து சொன்னார்: "சபை தெரிஞ்ச ஆக்கள் தம்பி, சாப்பிட முதலே கை கழுவ ஏனம் வைச்சிருக்கினம்!"

பீட்ரூட்

அகன்ற தட்டின் நடுவே மூன்று துண்டுப் பீட்ரூட் வந்தது. தலைமைச் சமையற்காரர் தாமே வந்து, சுவை எப்படி என்று பிரெஞ்சில் வினவினார். அருகில் அம்மையாரும் நின்றார். சிவமண்ணை தட்டை நகர்த்தி, "உப்புமில்லை, புளியுமில்லை. இதை எங்கட மாடும் மணந்து பாத்துப்போட்டு விட்டிடும்" என்றார்.

"வாழ்நாளில் இத்தகைய சுவையை அறிந்ததில்லை என்கிறார்" என்று நான் தயங்காமல் மொழிபெயர்த்தேன். மகிழ்ந்த சமையற்காரர், அண்ணைக்கு இரண்டாவது தட்டை வரவழைத்தார். அண்ணை என்னை முறைத்தார்: "டேய் தம்பி, நீ அவருக்கு என்னடா சொன்னனீ?"

பாரிஸ்காரி

படம்பிடித்துத் திரும்பி மேசையில் அமர்ந்திருந்த றஞ்சி, தெள்ளிய பிரெஞ்சில், மாட்டையும் விடாமல் உண்மையைச் சொன்னாள். அவள் பிறந்து வளர்ந்தது பாரிஸில் என்பதை அப்போதுதான் அறிந்தேன். சமையற்காரரோ வயிறு குலுங்கச் சிரித்து, தம் பாட்டனாரும் பீட்ரூட்டை மாட்டுக்கே போட்டார் என்று கூறி, உப்பும் எலுமிச்சையும் எடுத்துவரச் சென்றார். மேசை பறிபோயிற்று என்று தலைகுனிந்து நின்ற என்னிடம் அம்மையார் வந்தார்: "உங்கள் ஆட்கள் எப்போதும் வரலாம், நீங்கள் மட்டும் வாகனத்திலேயே இருங்கள்."

ஆகவே, அத்தோட்டத்தின் எழிலை வாகனத் தரிப்பிடத்திலிருந்து என்னைப்போல் நெடுநேரம் ரசித்தவர் எவருமிலர்.