பின்சீட்டுக் கூட்டணி

பின்சீட்டில் பேசுவது காதில் விழாத மாதிரி ஓட்டுவதுதான் கம்பெனி டிரைவர் வேலை. அதே வேலை பார்த்த டிரைவர்கள் உங்களுக்கு நான் புதிதாக என்ன சொல்ல?

ஒரே அணி

தொண்ணூறுகளின் கடைசி. வானவடி கெஸ்ட் ஹவுஸிலிருந்து பிம்ப்ரி தொழிற்சாலைக்கு இரண்டு சாகேபுகளை ஏற்றிப் போவேன். ஹாரிஸ் இங்கிலாந்து, வெபர் ஜெர்மனி. இருவரும் அவரவர் நாட்டில் பழமைவாதக் கட்சி. ஐரோப்பாவுக்கெல்லாம் சேர்த்து ஒரு பாராளுமன்றம் உண்டாம்; அதில் இந்த இரண்டு கட்சியும் ஒரே அணியாம். ஆனால் ஐரோப்பா ஒன்றாக வேண்டும் என்பார் வெபர். ஆகவே ஆகாது என்பார் ஹாரிஸ். தினமும் சண்டை.

பிறகு ஏன் சேர்ந்து உட்காருகிறீர்கள் என்று என் உடைந்த இங்கிலீஷில் கேட்டேவிட்டேன். ஹாரிஸ் சிரித்தார்: "பெரிய அணியில் இருந்தால்தான் பேச நேரம் தருவார்கள், கமிட்டியில் நாற்காலி தருவார்கள், மணி!"

வெறும் ரோட்டில் ஹார்ன்

டிரான்ஸ்போர்ட் ஆபீசர் தேஷ்பாண்டே, என் முறைக்கு வந்த புது வண்டியைத் தன் மைத்துனனுக்குக் கொடுத்த புண்ணியவான். நான் மறக்கவில்லை. கம்பெனி வண்டிகளை ஒழித்து வாடகை வண்டி வைக்கக் காத்திருந்தார். சாகேபுகள் தனித்தனி வண்டி கேட்டால் போதும், என் வேலை போச்சு. அதனால் பின்னால் குரல் உயர்ந்தால் ஹார்ன் அடிப்பேன், ரோட்டில் ஆளே இல்லாவிட்டாலும். தேஷ்பாண்டே பார்க்கும்போதெல்லாம் கேட்பார்: "க்யா அண்ணா, உன் ரெண்டு சாகேபும் இன்னும் ஒண்ணாத்தான் உட்கார்றாங்களா?"

முன்கதவு

பல வருஷம் கழித்து ஒரு காலை, ஹாரிஸ் முன்கதவைத் திறந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் கட்சி பழைய அணியை விட்டு, போலந்து, செக் நாட்டுக் கட்சிகளோடு புது அணி கட்டிவிட்டதாம். "அங்கே நாங்கள்தான் பெரிய கட்சி" என்றார். கட்கி சிக்னலில் நான் சும்மாவே ஒரு ஹார்ன் அடித்தேன். பின்னாலிருந்து வெபர் சொன்னார்: "ஆமாம், ஆட்டோவுக்குள் நீங்கள்தான் உயரமான ஆள்."

சாவி

செய்தி எப்படித்தான் போனதோ, மறுநாளே தேஷ்பாண்டே கெஸ்ட் ஹவுஸ் வாசலில் கை நீட்டிக்கொண்டு நின்றார். "சாவி குடு அண்ணா. நாளையிலிருந்து ரெண்டு வாடகை வண்டி."

படியிறங்கி வந்த வெபரிடம் அவர் குழைந்து, தனி வண்டி அனுப்பட்டுமா என்றார். வெபர் வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். முன்சீட்டில் ஹாரிஸ் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"எதற்கு? இப்போதுதான் பின்சீட்டில் கால் நீட்ட இடம் கிடைத்திருக்கிறது."

ஐரோப்பாவில் உடைந்த கூட்டணி என் வண்டியில் கால் நீட்டிக்கொண்டே நான் ரிடையர் ஆகும்வரை ஓடியது, ஆனாலும் யாராவது குரலை உயர்த்தினால் இன்றைக்கும் என் கை ஹார்னைத்தான் தேடுகிறது.