சிக்கந்தர் அண்ணன் நேரில் பார்க்காத குஞ்சுகள்

மருந்து கலந்துகொண்டிருந்தபோது வாயிற்காவலர் வந்து, "டாக்டரம்மா, சிக்கந்தர் அண்ணன் மௌத்தாயிட்டாராம்" என்றார். சாவுச் செய்தி கேட்டதும் எனக்கு அழுகைக்கு முன்னால் எரிச்சல்தான் வந்தது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்! எதைத்தான் காதில் வாங்கினார் அந்த மனுஷன்?

அவரோடு வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். வாடிப்பட்டிச் சாலையிலுள்ள எங்கள் சின்ன உயிரியல் பூங்காவில் கிளிக்கூண்டுகள் அவர் பொறுப்பு. மருத்துவம் என் பொறுப்பு. எங்கள் பக்கம் அருகிவரும் செந்தலைக் கிளியைக் குஞ்சு பொரிக்க வைக்க வேண்டும். அதற்கு, கிளியோடு யாரும் பேசக்கூடாது. பேசிப் பழகிய கிளி மனிதரையே ஜோடியாக நினைத்துக்கொள்ளும். ஆனால் மதுரைக்காரர் கிளியைக் கண்டு வாயை மூடிக்கொண்டு போவாரா? 'பேசாதீர்கள்' என்ற பலகையை மாட்டியவரே இவர்தான். மாட்டிய கையோடு கூண்டுப் பக்கம் திரும்பி, "என்ன மாப்ள, சாப்டியா?" என்றார்.

"அண்ணே, என்ன செய்றீங்க?"

"பேசலை டாக்டரம்மா. சும்மா கேட்டேன்."

அந்த மாப்பிள்ளை, கே.கே. நகரில் ஒரு வீட்டில் வளர்ந்து எங்களிடம் ஒப்படைக்கப்பட்ட ஆண் கிளி. பக்கத்தில் பெட்டை உட்கார்ந்திருக்க, அது இவரைப் பார்த்துத்தான் கொஞ்சும். தின்றதைக் கக்கி இவர் மூக்குக்கண்ணாடிக்கு ஊட்டும். நான் கத்தினால், "தொடச்சுக்கிட்டாப் போச்சு" என்பார். தலையில் அடித்துக்கொள்வேன்.

ஒருமுறை பெட்டை முட்டையிட்டு அடைகாத்தது. பொரிக்கவில்லை. முட்டைகளை எடுத்து விளக்கொளியில் காட்டினேன். ஒன்றிலும் கரு இல்லை. அண்ணன் ஒவ்வொன்றையும் தானும் விளக்கில் பிடித்துப் பார்த்தார்.

"நான் மான் பக்கம் போறேன் டாக்டரம்மா."

"எம்புட்டு நாளைக்கு?"

"அவன் என்னைய மறக்குற வரைக்கும்."

போனவர் போனவர்தான். அந்தப் பிடிவாதம் அவர் பேச்சைவிடக் கொடுமை. கூண்டுக்கு எதிரே இருக்கிற குழாயில் தண்ணீர் பிடிக்காமல், வெயிலில் பூங்காவைச் சுற்றிக்கொண்டு வருவார். அடுத்த பருவத்தில் ஆண் பெட்டைக்கு ஊட்டியது, குஞ்சுகள் பொரிந்தன. "தூர நின்னாவது பாருங்கண்ணே" என்று கெஞ்சினேன்.

"என்னையப் பாத்தா அவன் பிள்ளைகளை விட்டுட்டு வந்துருவான். நல்லாருக்குகள்ல? அம்புட்டுதான் வேணும்."

அலைபேசியில் படம் காட்டினால், மங்கலாக இருக்கிறது என்று என்னையே திட்டினார்.

அடக்கம் முடிந்து நேராகப் பூங்காவுக்கு வந்தேன். என்னைக் கண்டதும் குஞ்சுகள் அலறிக்கொண்டு மேல்மூலைக்குப் பறந்தன. மனிதர் என்றால் அவற்றுக்கு அவ்வளவு பயம். அண்ணன் எனக்கு விட்டுப்போனது அந்தப் பயம்தான். அவர் போய்விட்டதை அந்தத் தகப்பன் கிளியிடமாவது சொல்லலாம் என்று வாயெடுத்தேன். பிறகு, ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன்.