தூக்குப்போசியில் போன நெறிக்கட்டிகள்

என் விரல்களைப் பற்றி எனக்கு ஒரு காலத்தில் பெரிய மதிப்பு இருந்தது. எழுபதுகளின் கடைசியில் சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் உதவி சர்ஜனாக இருந்தேன். உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்யும்போது, நோய் குழாயோடு நின்றதா, பக்கத்து நிணநீர் முடிச்சுகளான நெறிக்கட்டிகளுக்கும் பரவிவிட்டதா என்று பார்க்க வேண்டும். கெட்டியாக இருந்தால் பரவியிருக்கிறது, மெத்தென்றிருந்தால் இல்லை என்று தடவிப் பார்த்தே சொல்லிவிடுவேன். பாதிக்குப் பாதி சரியாக இருக்கும். தப்பான பாதியை நான் யாரிடமும் சொல்வதில்லை.

சங்ககிரியிலிருந்து ஒரு லாரி முதலாளி வந்தார். ஜேடர்பாளையம் அணையில் மீன் வறுவல் சாப்பிட்டபோது தொண்டைக்குக் கீழே முள் சிக்கிவிட்டது. குழாய் விட்டு முள்ளை எடுத்தால், அதற்குப் பக்கத்தில் ஒரு சின்னப் புண். பரிசோதித்ததில் புற்றுநோய். இவ்வளவு ஆரம்பத்தில் எங்களிடம் ஒருவரும் வந்ததில்லை. தண்ணீர்கூட இறங்காத பிறகுதான் வருவார்கள். அந்த மீனுக்கு மாலை போட வேண்டும் என்றார் பெரிய டாக்டர்.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. கழுத்து, நெஞ்சு, இரைப்பை ஓரம் என்று மூன்று இடத்து நெறிக்கட்டிகளையும் எடுத்து, ஃபார்மலின் ஊற்றிய மூன்று பாட்டில்களில் போட்டு, இடத்தின் பெயரை எழுதி ஒட்டினேன். கோயம்புத்தூரில் ஒரு லேப் மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொல்லும். எங்கே பரவியிருக்கிறதோ அங்கே கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைக்க வேண்டும். இடம் தப்பினால் உயிர் தப்பாது.

கொண்டுபோகிறேன் என்று வந்தவர் முதலாளியின் மச்சினர், சங்ககிரியில் பார்சல் லாரி ஆபீஸ் நடத்தியவர். பாட்டில்களை அவரிடம் நீட்டி, "பத்திரம்" என்று ஒரே வார்த்தை சொன்னேன். மூன்றும் ஏன் தனித்தனி என்று சொல்லவில்லை. எனக்குச் சாப்பாட்டு நேரம்.

பத்து நாள் கழித்து ரிப்போர்ட் வந்தது. சிவப்பு நூல் கட்டிய பொட்டலத்தில் ஒரு நெறிக்கட்டியில் நோய் பரவியிருக்கிறது. பச்சை, மஞ்சள் பொட்டலங்களில் இல்லை. கீழே லேப் டாக்டர் கைப்பட எழுதியிருந்தார்: தூக்குப்போசியைத் திருப்பி வாங்கிக்கொள்ளவும்.

பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "என்னய்யா இது, ஜவுளிக்கடை பில்லா?"

மச்சினரைக் கூப்பிட்டேன்.

"ஆமாங்க, நாந்தானுங்க மாத்துனேன். நம்ம ரோட்டுல கண்ணாடி பாட்டலு முழுசாப் போயிச் சேருமுங்களா? மூணும் ஒரே ஆளு சரக்கு, ஒரே ஊருக்குப் போற லோடு. எதுக்குங்க மூணு உருப்படி? துணியில கட்டி, பாலு வாங்கற எவர்சில்வர் தூக்குப்போசியில போட்டு, அந்தத் தண்ணியவே ஊத்திக் கொண்டுட்டுப் போனனுங்க. ஒரு சொட்டுச் சிந்தலைங்க. அந்த நூலு வந்துங்க..."

"நூலாவது கயிறாவது! வெளியே போங்க!" என்று கத்தினேன்.

அவர் போனதும் பெரிய டாக்டர் கேட்டார்: "சரி, உன் விரல் என்னய்யா சொல்லுது?"

விரல் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மூன்று வருஷமாகப் பீற்றிக்கொண்ட விரல் அது. "கழுத்து சார். கொட்டைப்பாக்கு மாதிரி இருந்துச்சு" என்றேன். கொட்டைப்பாக்கு மாதிரி எங்கேயும் எதுவும் இருக்கவில்லை.

கழுத்துக்குக் கரண்ட் வைத்தார்கள். முதலாளிக்குத் தொண்டை வெந்தது, எச்சில் வறண்டது. தாடைவரை இறங்கியிருந்த கிருதா முடி கொட்டிப் பாதி வழியில் நின்றுபோனது.

ஒரு வருஷம் கழித்து, பிழைத்ததற்காக அதே அணையில் விருந்து வைத்தார். மச்சினர் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அன்னைக்கு நீங்க என்னைய சொல்லவே உடலைங்க டாக்டரு. மூணு ஊரு சரக்கை ஒரே லாரியில ஏத்துனா எப்படிங்க பிரிப்போம்? கலரு நூலு கட்டுவோம். கழுத்து பச்சை, நெஞ்சு மஞ்சளு, எரப்பை சிவப்பு. ஆபீசு காலண்டர்லயே எழுதி வெச்சிருக்கனுங்க."

ரிப்போர்ட்டில் நோய் இருந்தது சிவப்பில். வாயில் இருந்த மீன் இறங்கவில்லை. முள்ளே இல்லாத துண்டு அது.

அன்றைக்கே முதலாளியிடம் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். வேலை போய்விடும் என்று பயந்தேன். அதற்குப் பதில் மாதம் தவறாமல் அவரை வரவழைத்து வயிற்றை அமுக்கிப் பார்த்தேன். "ஏனுங்க டாக்டரு, நோவு வந்தது தொண்டையில. நீங்க வவுத்தையே அமுக்கறீங்க?" என்று நெளிவார். அவருக்குக் கூச்சம் அதிகம். சிரித்துக்கொண்டே கட்டிலிலிருந்து ஒருமுறை கீழே விழுந்தார்.

நோய் திரும்ப வரவில்லை. வெட்டி எடுத்ததோடு போயிருக்க வேண்டும். என் சாமர்த்தியம் அதில் இல்லை. ஆனால் எண்பதுகள் முழுக்க அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்: "கழுத்துலதான்னு வெரல வெச்சே கண்டுபுடிச்ச மனுசனுங்க!" வருஷா வருஷம் என்னை அணைக்குக் கூட்டிப்போய் மீன் வாங்கிக் கொடுப்பார். அவரோ எதிரில் உட்கார்ந்து மோர்ச்சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பார்.

"நீங்க சாப்பிடுங்க சாமி. எனக்குத்தான் தொண்டை வெந்ததுல இருந்து காரம் ஆகறதில்லைங்க."

அந்தத் தொண்டையை வீணாக வேகவைத்தவன் நான்தான் என்று அவர் சாகும்வரை நான் சொல்லவில்லை. இன்னொரு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.