ஏழாம் நம்பர் ஜெயந்தி

ஒரே உறையில் இரண்டு கத்தி இருந்தாலும் இருக்கலாம், ஒரே டீமில் இரண்டு ஜெயந்தி இருக்கக் கூடாது என்பார் எங்கள் கோச் சார். விளையாட்டாகத்தான் சொல்வார். மைதானத்தில் அவர் "ஜெயந்தீ, பின்னாடி வா!" என்று கத்தினால் இரண்டு பேருமே பின்னால் ஓடிவிடுவார்கள். பந்து முன்னால் அநாதையாக நிற்கும்.

பொன்மலை ரயில்வே காலனிப் பெண்பிள்ளைகள் பதினாறு பேர் சேர்ந்த கால்பந்து டீம் அது. எல்லோரும் பதினாலு வயதுக்குள். நான் பின்வரிசையில் நாலாம் நம்பர். கோச் சார் ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். பந்தைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை, பந்தைத் தவிர வேறெதுவும் தெரியாது. வெளியூர் போய் ஆட வேண்டுமென்றால் பந்து கடைசியில்தானே வருகிறது? பிறந்த தேதிச் சான்றிதழ், தலைமையாசிரியர் கையெழுத்து, வீட்டுச் சம்மதக் கடிதம், ரயில் சலுகைக்கு விண்ணப்பம், ஆளுக்கு நாலு போட்டோ என்று அதற்கு முன்னால் ஒரு மலை இருக்கிறது. அந்த மலையை ஏறி இறங்கியவள் என் அத்தை.

அத்தை அப்பாவின் தங்கை. எங்களோடுதான் இருந்தாள். ஸ்ரீரங்கத்தில் ஒரு வக்கீலிடம் டைப்பிஸ்ட் வேலை, தினமும் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறிப் போவாள். "வாய் மறக்கும், காகிதம் மறக்காது" என்பது அந்த வக்கீலின் பேச்சு. அத்தைக்கு அது வேதவாக்கு. அவள் ஒருநாளும் பந்தை உதைத்ததில்லை. கோலுக்கும் கார்னருக்கும் வித்தியாசம் கேட்டால் "எது வந்தா நம்ம பிள்ளைங்க கத்துதோ அது கோல்" என்பாள். ஆனால் அவளுடைய நீல ஃபைல் இல்லாமல் நாங்கள் பொன்மலை கேட்டைத் தாண்டியிருக்க மாட்டோம். "கால் ஆடறதுக்கு முன்னாடி காகிதம் ஆடணும்டி" என்பாள். டீமில் எல்லோருக்கும் அவள் அத்தைதான்.

என் கையெழுத்து அச்சடித்தாற்போல் இருக்கும். அதனால் டீம் லிஸ்ட் எழுதும் வேலை எனக்கு வந்தது. போட்டி நடத்துகிறவர்கள் கேட்பதால் எல்லாம் இங்கிலீஷில். ஜெர்சி நம்பர் வரிசையில் பெயர், பிறந்த தேதி, விலாசம். இரண்டு ஜெயந்திகளில் ஒருத்தியின் அப்பா சேகர், இன்னொருத்தியின் அப்பா சுந்தரம். இரண்டு பேருமே பட்டறைக்காரர்கள். காகிதத்தில் இரண்டு பிள்ளைகளும் எஸ். ஜெயந்திதான். வாயில்தான் பெரிய ஜெயந்தி, சின்ன ஜெயந்தி. சேகர் மகள் பெரியவள், நெடுநெடுவென்று வளர்ந்தவள், ஏழாம் நம்பர். சுந்தரம் மகள் சின்னவள், பதினொன்றாம் நம்பர். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு, ஒரே டிபன் டப்பா. ஒருத்தியைத் திட்டினால் இன்னொருத்தி அழுவாள்.

லிஸ்ட்டை இரண்டு பிரதி எழுதுவேன். ஒன்று அத்தையின் ஃபைலில் இருக்கும். இன்னொன்றை எங்கள் பள்ளிக்கூட வாட்ச்மேன் அறையில் போனுக்கு மேலே ஒட்டிவிடுவோம். பாதி வீடுகளில் அப்போது போன் கிடையாது. நாங்கள் வெளியூரில் இருக்கும்போது வீட்டில் ஏதாவது என்றால் யாராவது பள்ளிக்கூடத்துக்கு ஓடி வர வேண்டும், வாட்ச்மேன் அத்தையின் செல்போனுக்கு அடிப்பார். அத்தையே யோசித்துச் செய்த ஏற்பாடு அது. நல்லதுக்குத்தான் செய்தாள்.

அந்த வருடம் திருநெல்வேலியில் போட்டி. ரயிலில் போகும்போது பெரிய ஜெயந்தி ஜெர்சியைப் போட்டுப் பார்த்தாள். போன வருடத்து ஜெர்சி, கை இடுக்கில் பிடித்தது.

"என்னடி, தலையணைக்கு உறை போட்ட மாதிரி இருக்க!" என்றாள் சின்னவள்.

"நீ மட்டும்? கொடிக்கம்பத்துல சட்டை காயப்போட்ட மாதிரி இருக்க. குடுடி உன்னுதை."

மாற்றிக்கொண்டார்கள். இருவருக்கும் கச்சிதமாக இருந்தது. பெட்டி முழுக்கச் சிரித்தோம்.

எனக்குத்தான் உறுத்தியது. லிஸ்ட்டில் ஒரு நம்பர், முதுகில் வேறு நம்பர் என்றால் டீமையே நிறுத்திவிடுவார்கள் என்று அத்தை சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறாள். அவள் ஜன்னலோரம் தூங்கிக்கொண்டிருந்தாள். மடியிலிருந்து ஃபைலை உருவினேன். வெள்ளைத்தாள் எடுத்து, ரயில் ஆட ஆட, பதினாறு பெயரையும் திரும்ப எழுதினேன். இப்போது ஏழாம் நம்பரில் சுந்தரம் மகளின் விலாசம். பதினொன்றில் சேகர் மகளின் விலாசம். ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. பழைய தாளைக் கிழித்து ஜன்னல் வழியே விட்டேன், பட்டாம்பூச்சி மாதிரி போயிற்று. அத்தையிடம் சொல்லவில்லை. ஜெர்சி மாற்றியதற்குத் திட்டுவாள் என்ற பயம் கொஞ்சம். எவ்வளவு அழகாகச் சரிசெய்துவிட்டேன் என்ற கர்வம் அதைவிட அதிகம்.

மறுநாள் காலை ஆறு மணி இருக்கும். எங்களுக்குத் தங்க இடம் கொடுத்த பள்ளிக்கூடத்து வராந்தாவில் இட்லிக்கு வரிசையில் நின்றோம். அத்தையின் போன் அடித்தது, ஊரிலிருந்து வாட்ச்மேன். அந்தப் போனில் யாராவது பேசினால் பக்கத்துத் தெருவுக்கும் கேட்கும்.

"மேடம், ஜெயந்தியோட அப்பாவுக்கு நெஞ்சு வலிங்க. ஆஸ்பத்திரியில சேத்திருக்காங்க. பொண்ணை உடனே பஸ் ஏத்தி அனுப்பச் சொல்றாங்க."

"எந்த ஜெயந்திங்க?"

"ஜெயந்திதாங்க."

"ரெண்டு பேரு இருக்காங்க. அவங்க அப்பா பேரு என்ன, சொல்லுங்க."

"அது தெரியலீங்களே. பட்டறைக்காரர் ஒருத்தர் வந்தாரு, லிஸ்ட்டைப் பாத்தாரு, இந்தப் பொண்ணுதான்னு வெரலை வெச்சுக் காட்டிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிட்டாரு. எனக்கு இங்கிலீஷ் வராதுங்க. நம்பர்தான் படிப்பேன். ஏழுன்னு போட்டிருக்கு."

"நல்லாப் பாருங்க. ஏழா?"

"ஏழுதாங்க. வெரலை எடுக்காமத்தான் நிக்கிறேன்."

அத்தை ஃபைலைத் திறந்தாள். விரலை வைத்து ஏழாம் வரியைப் பார்த்தாள். இன்னொரு முறை பார்த்தாள். பிறகு தலையை நிமிர்த்தி, வரிசையில் தட்டோடு நின்ற சின்ன ஜெயந்தியைப் பார்த்தாள்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஏழாம் நம்பர் சின்னவள்தானே, நானேதானே எழுதினேன்?

"சின்ன வலிதான் கண்ணு. உன்னைப் பாக்கணும்னு சொல்றாராம்" என்று அத்தை சொன்னதும் அந்தப் பிள்ளை தட்டோடு தரையில் உட்கார்ந்துவிட்டது. பெரிய ஜெயந்திதான் தூக்கி நிறுத்தினாள். முகம் கழுவிவிட்டாள், பையில் துணியை அடுக்கினாள், தன் தண்ணீர் பாட்டிலைக் கையில் திணித்தாள். "அழாதடி. உங்கப்பாவுக்கு ஒண்ணும் ஆவாது. நான் உனக்கும் சேர்த்துச் சாமி கும்புடுறேன். இன்னைக்குப் போடுற கோல் உங்கப்பாவுக்குடி" என்றாள்.

கோல்கீப்பரின் அம்மா எங்களுக்குச் சமைத்துப்போட வந்திருந்தார். சின்னவளை அவர் அழைத்துக்கொண்டு ஏழு மணி பஸ்ஸில் கிளம்பினார். அத்தை வாட்ச்மேனுக்கு மறுபடி அடித்துப் பார்த்தாள், யாரும் எடுக்கவில்லை. ராத்திரி வேலை முடிந்து அவர் பூட்டிக்கொண்டு போயிருப்பார். வழியில் அவசரத்துக்கு இருக்கட்டும் என்று தன் போனை அந்த அம்மாவிடமே கொடுத்தனுப்பினாள். ஊரிலிருந்து எங்களைக் கூப்பிட இருந்த ஒரே வழியும் அதோடு பஸ் ஏறிவிட்டது.

நாலு மணிக்கு அந்தப் பள்ளிக்கூட மைதானத்திலேயே அரையிறுதி ஆட்டம். அதற்கு முன்னால் ஆடுகிறவர்கள் பெயரை எழுதி நடுவரிடம் கொடுக்க வேண்டும். மூன்றரை மணிக்கு நான் எழுத, அத்தை கையெழுத்துப் போட்டாள். சரிபார்த்துக்கொண்டு வந்தபோது பதினொன்று, எஸ். ஜெயந்தி என்ற வரியில் என் பேனா நின்றது. வாட்ச்மேன் அறையில் ஒட்டியிருக்கும் லிஸ்ட் கண்ணில் வந்தது. அது ரயிலில் எழுதியது இல்லையே. அது வீட்டில், ஜெர்சி மாற்றுவதற்கு முன்னால் எழுதியது. அந்த லிஸ்ட்டில் ஏழு யார்?

அத்தை என் பக்கத்தில் ஒரு முழ தூரத்தில் இருந்தாள். பெரிய ஜெயந்தி எதிரே உட்கார்ந்து ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை போதும். ஆனால் கையெழுத்து விழுந்த காகிதத்தில் ஓர் எழுத்தைத் தொடக் கூடாது என்று கற்றுக்கொடுத்தவளும் அத்தைதானே? அதைப் பிடித்துக்கொண்டேன். ஆட்டம் முடியட்டும், சொல்லிவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயந்தவனுக்குப் பஞ்சாங்கம் முழுக்க ராகுகாலம் என்று எங்கள் காலனியில் ஒரு பெரியவர் சொல்வார்.

நாங்கள் ஒன்றுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தோம். கோல் போட்டவள் பெரிய ஜெயந்தி. போட்டதும் எங்கள் பக்கம் வராமல், காலையில் பஸ்ஸுக்குப் போனார்களே, அந்தக் கேட்டைப் பார்த்து ஓடினாள். "இது உங்கப்பாவுக்குடி!" என்று கத்தினாள். பிறகு அங்கேயே இடுப்பை ஆட்டி ஓர் ஆட்டம் ஆடினாள். கோச் சார்கூடச் சிரித்தார்.

ஐந்தரை மணிக்கு அந்தப் பள்ளிக்கூட ஆபீஸுக்குப் போன் வந்தது. அந்த நம்பர் அத்தையின் ஃபைலில் மட்டும்தான் இருந்தது. பொன்மலையில் நாலு பேர் எங்கெங்கோ விசாரித்து அதைக் கண்டுபிடிக்க அத்தனை நேரம் ஆகியிருக்கிறது.

ஆஸ்பத்திரியில் நடந்ததைக் கோல்கீப்பரின் அம்மா பிறகு பலருக்கும் சொன்னார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். சேகர் மாமா காலையிலிருந்து "ஜெயந்தி வந்துட்டாளா, ஜெயந்தி வந்துட்டாளா" என்றே கேட்டுக்கொண்டிருந்தாராம். பஸ் ஏறிட்டா, வந்துட்டே இருக்கா என்று சொல்லிச் சொல்லி அவரைத் தேற்றியிருக்கிறார்கள். இரண்டு மணிக்கு இவர்கள் வார்டு வாசலில் போய் நின்றதும் யாரோ "இதோ, ஜெயந்தி வந்துட்டா" என்றார்களாம். சின்னவள் உள்ளே பார்த்தாள். கட்டிலில் இருந்தது தன் அப்பா இல்லை. தன் அப்பா கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார், சிநேகிதனுக்குத் துணையாக. சேகர் மாமாவுக்கு அப்போது கண் சரியாகத் தெரியவில்லை. கையை நீட்டினாராம். அந்தப் பிள்ளை போய்ப் பிடித்துக்கொண்டது. "வந்துட்டேம்பா" என்றதாம். மூன்று மணி வரை அவர் விடவில்லை. மூன்று மணிக்கு நர்ஸ் வந்துதான் விரல்களைப் பிரித்துவிட்டார்.

பெரிய ஜெயந்தியைக் கோச் சார் அன்றே அழைத்துப் போனார். மறுநாள் இறுதி ஆட்டத்தை நாங்கள் ஆடவில்லை. துக்க வீட்டுக்கு அத்தையோடு நானும் போனேன். அத்தை பெரிய ஜெயந்தியின் அம்மா காலடியில் உட்கார்ந்து, "என் கண்ணு மங்கிப்போச்சும்மா. நம்பரைத் தப்பாப் பாத்துட்டேன், என்னை எது வேணா சொல்லுங்க" என்றாள். ஒரு கிழவி "எழுத்துப் படிச்ச பொம்பளைக்கு எண்ணு தெரியலியாக்கும்" என்றாள். அத்தை தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள். வாட்ச்மேன் அறையில் ஒட்டியிருந்த தாள் அதற்கு முன்பே காணாமல் போயிருந்தது. அதைக் கிழித்தது யார், ஏன் என்று நான் யோசிக்கவில்லை. தப்பித்தேன் என்று மட்டும் நினைத்தேன்.

செத்துப்போனதாகச் சேதி வந்தால் ஆயுசு கெட்டி என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். சின்ன ஜெயந்தியின் அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்றுதானே அவளை அனுப்பினோம். அதனால் அவரைத் தெருவில் பார்த்தவர்களெல்லாம் "உனக்கு ஆயுசு கெட்டிய்யா" என்றார்கள். அவர் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் சேகர் மாமா வீடு. ஒரு மாதத்துக்குள் சுந்தரம் மாமா வேறு குவார்ட்டர்ஸ் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார். இரண்டு ஜெயந்திகளும் அதன் பிறகு பேசிக்கொள்ளவில்லை. சின்னவள் எந்தத் தப்பும் செய்யவில்லையே, அப்பாவுக்கு ஆறுதலாகத்தானே கையைக் கொடுத்தாள், பெரியவள் ஏன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

டீம் கலைந்தது. ஜெர்சிகளைத் திருப்பி வாங்கிக் காலனிக் கிளப்பில் ஒப்படைக்க வேண்டும். அத்தையால் பெரிய ஜெயந்தி வீட்டு வாசலுக்குப் போக முடியவில்லை, நான் போனேன். கையில் ஃபைல், லிஸ்ட், டிக் அடிக்கப் பேனா. பெரிய ஜெயந்தி துவைத்து மடித்த பதினொன்றாம் நம்பரைக் கொண்டுவந்து கொடுத்தாள். கொடுத்தவள் உள்ளே போகவில்லை.

"அந்த மேட்ச் ஷீட் உன்கிட்ட இருக்குல்ல?"

"இருக்கு."

"நான் கோல் போட்டது எத்தனை மணி?"

ஆட்டம் முடிந்ததும் நடுவர் எழுதித் திருப்பிக் கொடுத்த பிரதி அது. ஆட்டம் தொடங்கிய நேரம், கோல் விழுந்த நிமிடம் எல்லாம் அதில் இருந்தன. கூட்டிப் பார்த்தேன். லிஸ்ட் விஷயத்தில் செய்த தப்பை இனி எதிலும் செய்யக் கூடாது என்று அந்தப் பதினைந்து நாளாகச் சாமியிடம் சத்தியம் செய்துகொண்டிருந்தேன். மறுபடியும் கூட்டிச் சரிபார்த்தேன்.

"நாலு இருபத்திரண்டு."

அவள் கொஞ்ச நேரம் தன் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், வலது பாதத்தை.

"சரி" என்றாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து ஜெர்சிகளை எண்ணிக் கட்டினேன். "பதினாறும் வந்துருச்சு அத்தை" என்றேன்.

அத்தை டைப் அடித்துத் தேய்ந்த தன் விரல் நுனிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அவ ஏதாச்சும் பேசினாளா?"

"கோல் போட்ட மணி கேட்டா."

அத்தை நிமிர்ந்தாள். "நீ என்ன சொன்ன?"

"ஷீட்டைப் பாத்து ரெண்டு தடவை கூட்டித்தான் சொன்னேன்" என்றேன். "ஒரு நிமிஷம்கூடத் தப்பில்ல அத்தை."

பாராட்டுவாள் என்று நின்றேன். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து உள்ளே போனாள். சமையலறையில் குழாயைத் திறந்துவிடும் சத்தம் கேட்டது. பாத்திரம் ஒன்றும் கழுவ இல்லையே, எதற்குத் தண்ணீரை இப்படித் திறந்துவிட்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டே, பதினொன்றுக்கு நேராக டிக் அடித்தேன்.